அண்ணன் குடித்ததில்லை

அம்மா பால் தூக்குடன் டீக்கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் இருந்த கடை அது. டேப் ரிக்கார்டரில் முதலில் கித்தார் ஒலித்தது, பிறகு பழக்கமான ஒரு குரல், பிறகு என் அண்ணனின் பெயர். அண்ணன் இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெஞ்சில் இருந்த லாரி டிரைவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார்கள். கடைசிச் சரணத்தில் அண்ணன் குடித்துவிட்டு சைக்கிளில் வந்து லாரிக்கு அடியில் போனான். அம்மா என் பக்கம் திரும்பி, "எம்புள்ள எப்போ குடிச்சான்?" என்று கேட்டாள். ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்திருந்து, அதை நான் அவளிடம் மறைத்துவிட்டதைப் போல இருந்தது அந்தக் கேள்வி.

அண்ணனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது வேண்டிய அளவுக்கு ஊர் சுற்றிவிட்டது.

பாடியவன் என் சித்தி மகன். முறைப்படி அவனும் எனக்கு அண்ணன்தான். நேரில் அப்படித்தான் கூப்பிட்டேன். ஆனால் எழுதும்போது எப்போதும் சித்தி மகன் என்றே எழுதி வந்திருக்கிறேன். அவனும் அண்ணனும் ஒரே தெருவில், ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். சித்தி மகன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய், கை விரல் கெட்டுவிடும் என்று சொல்லி இரண்டே மாதத்தில் நின்றுவிட்டான். அப்போதே ராயபுரத்தில் ஒரு சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்து கித்தார் பழகிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்துக் கானாவுக்கு டோலக்கும் சட்டி மேளமும்தான் வழக்கம். அதில் கித்தாரைக் கொண்டுவந்து வைத்தவன் அவன். நன்றாகவே வாசித்தான். கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி, டோலக் மாதிரியே தட்டுவான். இதைச் சொல்வதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. அவன் திறமை மேல் நான் எப்போதும் குறை சொன்னதில்லை.

எங்கள் தெருவில் சாவு வீட்டில் பாடுவதற்கு ஒரு முறை இருந்தது. பாடுகிறவன் முதலில் வீட்டாரிடம் உட்கார்ந்து விசாரிப்பான். செத்தவர் என்ன வேலை பார்த்தார், யாரோடு சண்டை, எதை விரும்பிச் சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார் என்று எல்லாம் கேட்டுக்கொள்வான். கேட்டதை எல்லாம் கோத்து, பெயர் சொல்லிப் பாடுவான். பதினாறாம் நாள் படத்துக்கு முன்னால் இன்னொரு முறை பாடுவான். அதோடு அந்தப் பாட்டு முடிந்தது. மெட்டை வேறு வீட்டில் பாடலாம், அது பொது. பெயரும் சேதியும் அந்த வீட்டுக்கு மட்டும் உரியவை. எங்கள் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, மீறியவர்களும் இல்லை.

அண்ணன் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக ஃபிட்டர் வேலை பார்த்தான். பகல் ஷிப்ட் முடிந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது கன்டெய்னர் லாரி இடித்தது. சாவன்று சித்தி மகன் பாடிய பாட்டில் எல்லாம் இருந்தது. அண்ணனின் சைக்கிளுக்கு மணி கிடையாது; தெருமுனையில் திரும்பும்போது வாயாலேயே மணி அடிப்பான். பக்கத்து வீட்டு ஸ்டவ்வைப் பழுது பார்த்துக் கொடுத்தால், தானே ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். தெருவே அழுதது. நானும் அழுதேன். பதினாறாம் நாளும் பாடினான். அன்றோடு விட்டிருந்தால் அவனைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

அவன் விடவில்லை. சென்னையில் நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகள் நடத்தும் யாரோ அவன் பாட்டைக் கேட்டுவிட்டு மேடைக்கு அழைத்துப் போனார்கள். பிறகு பெங்களூர், அங்கிருந்து மும்பை, சில வருடங்களில் சிங்கப்பூர், ஐரோப்பா. வீட்டில் ஜீன்ஸ் போடுகிறவன் மேடையில் லுங்கி கட்டினான். பேட்டிகளில் 'இருக்கு' என்று பேசப் பழகிக்கொண்டவன் மேடையில் வார்த்தைக்கு வார்த்தை 'கீது' என்றான். எல்லா மேடையிலும் அண்ணன் பாட்டுக்கு முன்னால் கித்தாரை நிறுத்திவிட்டு, "இது செத்துப்போன என் தோஸ்துக்காக" என்பான். ஊருக்கு ஊர் அண்ணன் மாறிக்கொண்டே போனான். முதல் கேசட்டில் குடிகாரன் ஆனான். அடுத்ததில் காசிமேட்டில் ஒரு பெண் அவனுக்காகக் காத்திருந்தாள். வெளிநாட்டில் பதிவு செய்த சி.டி.யில் அவன் தாயில்லாப் பிள்ளை. அந்த சி.டி. வெளிவந்த வருடமும் அம்மா தினமும் அதே டீக்கடையைத் தாண்டிப் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தாள்.

பாட்டு ஊரை எல்லாம் சுற்றிக் கடைசியில் தெருவுக்கே திரும்பி வந்தது. அண்ணனைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். குழாயடியில் குடம் வைக்கும் தகராறில் புதிதாகக் குடிவந்த ஒருத்தி அம்மாவைப் பார்த்து, "குடிகாரனப் பெத்தவதானே நீ" என்றாள். அம்மா குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனாள்.

சித்தி மகன் அப்போதுதான் ஒரு பயணம் முடிந்து வந்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்து கித்தாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பாட்ட நிறுத்துடா," என்றாள் அம்மா.

"இன்னா பெரிம்மா, வந்ததும் வராததுமா. ஒக்காரு. டீ சாப்டறியா?"

"எம்புள்ள குடிச்சான்னு ஏண்டா பாடற?"

அவன் கம்பியை முறுக்கிக்கொண்டே சிரித்தான். "அது மேடை பெரிம்மா. வேலைக்குப் போனான், வந்தான், செத்தான்னு பாடினா கேக்கறவன் கைதட்டிட்டு எய்ந்து பூடுவான். குடிச்சிட்டு செத்தான்னாதான் அயுவான்."

"அயுவறதுக்கு அவன் வூட்ல எவனும் சாவலியா?"

சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் முகம் கொஞ்சம் மாறியது. "ஊர் ஊரா அவன உசிரோட வெச்சிகினு கீறது யாரு? நாந்தானே?" என்றான்.

"உசிரோட இருந்தப்போ அவன் குடிக்கலியேடா," என்றாள் அம்மா.

அவன் சரி, இனிமேல் பாடவில்லை என்றான். அடுத்த மாதமே பாடினான். அவனோடு டோலக் அடிக்கப் போகும் பெரியவர் எங்கள் தெருக்காரர்தான். கேட்டபோது அவர் மறைக்கவில்லை. அம்மா அதன் பிறகு அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

சித்தப்பா இறந்த அன்றுதான் மறுபடி போனாள். சித்தப்பா காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்து ஓய்ந்தவர். அதிகம் பேச மாட்டார். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நடுப்பகல். சித்தி மகன் விமானத்தில் வந்து இறங்கி நேராக வந்திருந்தான். பின்னாலேயே அவனுக்குப் பழக்கமான சிலர் வீடியோ கேமராவோடு வந்து பந்தல் ஓரமாக நின்றார்கள். மகன்தான் பாட வேண்டும் என்று சித்தி சொல்லிவிட்டாள்.

டோலக் பெரியவர், "விசாரிச்சியா தம்பி?" என்று கேட்டார்.

"எங்கப்பாவப் பத்தி நான் யார்கிட்ட விசாரிக்கணும்?" என்றான் அவன்.

கித்தாரை எடுத்தான். பல வருடங்களாக ஒரே பாட்டுக்குப் பழகிய விரல்கள் அவை, தானாகவே அந்த மெட்டுக்குப் போயின. முதல் வரிகள் எந்தச் சாவுக்கும் பொருந்துபவை. பெயர் வர வேண்டிய இடம் வந்தது. அவன் வாயிலிருந்து என் அண்ணனின் பெயர் வந்தது.

பந்தலில் சலசலப்பு எழுந்தது. அவன் தலையை உதறிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே இடத்தில் மறுபடியும் அதே பெயர். பெரியவர் டோலக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "மாமே, செத்தது உங்க நைனா. நீ பாடறவன் செத்து எந்தக் காலமாச்சு," என்றான். யாரும் சிரிக்கவில்லை. சித்தி மகன் கித்தாரைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தன் அப்பாவைப் பற்றிப் பாட அவனிடம் ஒரு வரிகூட இல்லை என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

அம்மா சித்தியின் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"எம்புள்ளயப் பேர் சொல்லிக் கூப்ட்டுட்ட இல்ல, அவன் வந்துட்டான்," என்றாள். குரல் ஏறவே இல்லை. "இப்போ நெஜத்தப் பாடி அனுப்பு."

"இங்க வோணாம் பெரிம்மா."

"இங்கதான் வோணும். நீ சொன்னத நம்புனவங்கள்லாம் இங்கதான் கீறாங்க."

அவன் சித்தியைப் பார்த்தான். காப்பாற்றுவாள் என்று நினைத்திருப்பான். சித்தி ஐஸ் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்காமல், "அக்கா சொல்றத மொதல்ல பாடு. அப்பறம் உங்கப்பனப் பத்தி எங்கிட்ட கேளு. கேட்டுட்டுப் பாடு," என்றாள்.

அவன் கித்தாரைக் கீழே வைத்தான். முறைப்படி அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து விசாரித்தான். என்ன வேலை, எங்கே போய் வந்தான், என்ன பழக்கம். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். குழாயடியில் அந்த வார்த்தையைச் சொன்னவளும் கூட்டத்தில் இருந்தாள். எனக்கு இரண்டு ஆள் தள்ளி. கித்தார் இல்லாமல், வெறும் டோலக்குக்கு அவன் பாடினான். அண்ணன் குடித்ததில்லை, வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான், அவனுக்கு அம்மா இருக்கிறாள் என்று பெயர் சொல்லிப் பாடினான். அழகான பாட்டு இல்லை. யாரும் அழவும் இல்லை. அதன் பிறகு தன் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குப் பாடினான். கேமராக்காரர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாது.

பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தெருவில் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு குழாயடியில் அம்மாவை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சித்தி மகனுக்கு இப்போது குரல் போய்விட்டது. பேட்டி எடுக்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு நண்பனின் சாவுதான் தன்னைப் பாடகன் ஆக்கியது என்று சொல்கிறான். பாட்டு இணையத்தில் கிடைக்கிறது. பழைய மாதிரியேதான் இருக்கிறது. எங்கள் தெருவில் அண்ணன் குடிக்காதவன். வெளியே, அவன் போன ஊர்களில் எல்லாம், இன்னும் குடித்துவிட்டுத்தான் சைக்கிளில் வருகிறான். அங்கெல்லாம் போய்ச் சொல்ல அம்மாவால் முடியவில்லை.