நாலு பிளக்கும் ஒரு ‘இவரத’வும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குச் சிங்களம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். தெரிந்தது மொத்தம் ஐம்பது சொல். அதில் இருபது சாப்பாட்டுச் சாமான். மிச்சத்துக்கு ஒரு வழி வைத்திருந்தேன்: யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிச் சிரித்தபடி “ஒவ், ஒவ்” என்பது. ‘ஒவ்’ என்றால் ஓம், ஆமாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன், மீன் வாங்கினேன், தலைமயிர் வெட்டினேன். கடைசியில் இரண்டு பேரைக் கொல்லவும் பார்த்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. வடக்கில் சண்டை மூண்டு, நான் வேலை செய்த தொழிற்சாலை மூடிப்போக, கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு சின்ன ஒழுங்கையில், வீடொன்றோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்து இருந்தோம். மனைவிக்கு ஆறு மாதம். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த துண்டு, கதவுக்குப் பின்னால் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. இரண்டில் எது எங்களைக் கூடுதலாகக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். அவருடைய லொறி ஒருநாள் நடுவீதியில் நின்றுவிட்டது. விடுப்புப் பார்க்க, என்ன நடக்கிறது என்று சும்மா எட்டிப் பார்க்கப் போன நான் அதை ஓட வைத்துவிட்டேன். ஹாஜியாருக்கு லொறி தொழில், விமானம் பைத்தியம். இரத்மலானையில் ஒரு தனியார் ஹேங்கரில் நாலு பேர் இருக்கக்கூடிய பழைய குட்டி விமானம் ஒன்று வைத்திருந்தார். தானே ஓட்டுவார். அந்த ஹேங்கருக்கு என்னைக் கூட்டிப்போய், இவருக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதமான ஒருவனை, அந்த நாட்களில், விமானங்கள் நிற்கிற இடத்துக்குள் விடுவதற்கு ஒரு மனிதர் கையெழுத்து வைத்தார் என்றால் அது சின்ன விசயமில்லை. அங்கே இருந்த ஒரே தமிழன் நான்தான்.

ஹாஜியார் வியாபார விசயமாக வெளிநாடு போயிருந்த நேரம், அவருடைய விமானத்தைப் பிரித்துச் சரிபார்க்கிற வேலை நடந்தது. அதற்குப் பொறுப்பாக மொறட்டுவையிலிருந்து ஒரு சிங்களவர் புதிதாக வந்து சேர்ந்தார். என் வயதுதான். என்ஜினைத் திறக்கவும் மூடவும் உரிமம் உள்ளவர். நான் அவருக்குக் கீழே. ஆள் வாயைத் திறந்தால் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. தந்தி அடிக்கிற மாதிரிப் பேசுவார். அதனால் மனசுக்குள் அவருக்குத் தந்தியார் என்று பெயர் வைத்திருந்தேன். வேலை முடிந்ததா என்று கேட்பதற்கு “ஹரித?” என்பார். சரியா என்று அர்த்தம். நான் “ஒவ்” என்பேன். இப்படியே பத்து நாள் எங்கள் நட்பு ஒரு பிசகுமில்லாமல் வளர்ந்தது. அந்தப் பத்து நாளும் நான் கையாலும் காலாலும் அவருக்கு ஹாஜியார் புராணம் பாடினேன். அவர் ஹாஜியாரை ஒருநாளும் கண்டதில்லை.

ஹாஜியார் திரும்பி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியையும் ஏற்றிக்கொண்டு கடற்கரையோரமாக ஒரு சுற்று பறக்க அனுமதி எடுத்திருந்தார். கலியாணம் முடித்து முப்பது வருசமாக “அதுல நான் ஏறமாட்டன்” என்று சொல்லிவந்த மனிசி, அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சம்மதித்திருந்தாவாம்.

மிச்சமிருந்த ஒரே வேலை, என்ஜினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்குகள். அந்த என்ஜினுக்கு எட்டு பிளக். மேலே நாலு, கீழே நாலு. எல்லாவற்றையும் துடைத்து, முதலில் விரலால் திருகிப் பூட்டி, பிறகு இறுக்கத்தின் அளவைக் காட்டும் நீள ஸ்பேனரால் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். கீழே நாலையும் இறுக்கி முடித்து நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஹேங்கர் வாசலில் வெள்ளைத் தொப்பியோடு ஹாஜியார். பின்னால் குடையும் பிளாஸ்க்குமாக அவருடைய மனைவி.

இறக்கைக்குக் கீழே படுத்திருந்த தந்தியார் தலையை நீட்டிக் கேட்டார்: “இவரத?”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் முதல்முறை கேட்கிறேன். சொல்லுக்குப் பின்னால் ‘த’ வந்தால் அது கேள்வி என்பது வரைக்கும் என் சிங்களம் வளர்ந்திருந்தது. மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். இவர், த. ‘இவரா?’ என்கிறார்! பத்து நாளாக நான் சொன்ன பெரியவர் இவர்தானா என்று கேட்கிறார்! எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம்.

“ஒவ், ஒவ்! இவர்தான்!” என்று ஸ்பேனரால் ஹாஜியாரைச் சுட்டிக் காட்டிவிட்டு, அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

ஹாஜியாரோடு நின்று பகிடி விட்டதில் பத்து நிமிடம் போயிருக்கும். அவர் மனைவியின் குடையை வாங்கி, “இதையும் கொண்டுபோங்கோ, என்ஜின் நிண்டால் விரிச்சுக்கொண்டு குதிக்கலாம்” என்றேன். அவ சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது என்ஜினின் பொனட் மூடியிருந்தது. தந்தியார் மூடியிருக்கிறார், அப்படியென்றால் மிச்ச நாலையும் அவரே இறுக்கியிருப்பார் என்று நினைத்தேன். எனக்கு மூளை அவ்வளவுதான்.

விமானத்தை வெளியே தள்ளினோம். ஹாஜியாரும் மனைவியும் ஏறி இருந்தார்கள். புறப்படுமுன் சுற்றி வந்து தொட்டுத் தொட்டுப் பார்ப்பது என் வேலை. முன்பக்கம், காற்று போவதற்கு இரண்டு வாய் இருக்கும். அதற்குள் மைனாக்கள் கூடு கட்டும். வைக்கோல் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினேன். விரலில் ஒரு பிளக் பட்டது. பட்டதும் ஆடியது, விழப்போகிற பால்பல் மாதிரி. மற்ற வாய்க்குள் கையை விட்டேன். அங்கேயும் ஒன்று ஆடியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல வருடம் ஒருவருக்கும் சொன்னதில்லை. கையை வெளியே எடுத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். ஒரு கச்சான் கடலை உடைக்கிற நேரம் இருக்கும். ஹேங்கர் மூலையில் துவக்கோடு நின்ற சிப்பாய் தெரிந்தார். தமிழன் ஒருவன் விமானத்தின் என்ஜினைக் கழற்றி வைத்திருந்தான் என்று யாரோ எழுதப்போகிற வசனம் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டு தெரிந்தது. மனைவியின் வயிறு தெரிந்தது. வானத்தில் ஒரு பிளக் கழன்றால் என்ஜின் இருமும், இரண்டு கழன்றால் விழ வேண்டியதுதான் என்பதும் தெரிந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நின்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஹாஜியாரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தா. பிளாஸ்க்கைக் குழந்தையைப் போல மடியில் அணைத்திருந்தா. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் திறந்தது.

“நிப்பாட்டுங்கோ! லூஸ்! லூஸ்!”

சாவியில் வைத்த கையை எடுத்து, ஹாஜியார் ஜன்னலால் தலையை நீட்டினார். “யாரப் பாத்து தம்பி லூசு எண்டு சொல்ற?”

“பிளக்! மேல் பிளக் எல்லாம் லூஸ்! இறங்குங்கோ!”

தந்தியார் ஓடிவந்தார். பொனட்டைத் திறந்து மேலிருந்த நாலையும் விரலால் தொட்டார். நாலும் ஆடின. என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பத்து நாளில் அவர் பேசிய ஆக நீளமான பேச்சு அது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பழக்கதோசத்தில் “ஒவ்” என்றேன்.

ஹாஜியார்தான் நடுவில் புகுந்தார். “தம்பி, இவரு ‘இவரத’ எண்டு கேட்டதுக்கு நீங்க ‘ஒவ், இவரய்’ எண்டு சொன்ன மாதிரி இவருக்குக் கேட்டிச்சாமே?”

“ஓம். இவரா எண்டு கேட்டவர். நீங்கள்தான் அவர் எண்டு சொன்னனான்.”

ஹாஜியார் நெற்றியில் கை வைத்தார். “என்ட அல்லாஹ்! இவரய் எண்டா முடிஞ்சிச்சு எண்டு அர்த்தம் தம்பி. வேல முடிஞ்சிச்சா எண்டு கேட்டிருக்காரு. நீங்க என்னக் காட்டி முடிஞ்சிச்சு எண்டு சொல்லி ஈக்கிறீங்க!”

சத்தம் கேட்டுச் சிப்பாய் வந்துவிட்டார். “மொகத?” என்றார். என்ன விசயம் என்று. “மம... மம...” என்றேன். நான், நான். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

தந்தியார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிப்பாயின் பக்கம் திரும்பிச் சொன்னார்: “மகே வெரெத்த.”

‘என் பிழை’ என்று அர்த்தம். இரண்டே சொல். அதற்குள் என் பெயர் இல்லை, என் ஊர் இல்லை.

நான் மறுபடியும் வாயைத் திறக்கப் போனேன். ஹாஜியார் மெல்லிய குரலில், “தம்பி, ஆறு மாசத்தில இப்பயாச்சும் கொஞ்சம் வாய மூடிட்டு நில்லுங்க” என்றார். நின்றேன். சிப்பாய் தந்தியாரின் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். வேலைப் புத்தகத்தில், சரிபார்க்காமல் மூடியது தான்தான் என்று தந்தியாரே எழுதினார். அதனால் ஒரு மாதம் அவர் எதை மூடினாலும் பக்கத்தில் இன்னொருவர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. கையில் உரிமம் உள்ள மனிதருக்கு அது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஸ்பேனரை என் கையில் தந்தார். ஏற்கெனவே இறுக்கியிருந்த கீழ் நாலையும் சேர்த்து எட்டையும் முதலிலிருந்து பார்க்க வைத்தார். ஒவ்வொன்றும் முடியப் பக்கத்தில் நின்று “இவரத?” என்று கேட்டார். நான் “இவரய்” என்றேன். எட்டுத் தரம் கேட்டார். எட்டுத் தரம் சொன்னேன்.

ஹாஜியாரின் மனைவி மறுபடி ஏறமாட்டா என்றுதான் நினைத்தேன். அவ என்னிடம் வந்து, “இப்ப எல்லாம் இறுக்கியாச்சா வாப்பா?” என்று கேட்டா. ஓம் என்றேன். “அப்ப சரி” என்று குடையை என் கையில் தந்துவிட்டு ஏறிவிட்டா. விமானம் வானத்தில் நின்ற முக்கால் மணித்தியாலமும் நானும் தந்தியாரும் ஹேங்கர் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தோம். இரண்டு பேரும் பேசவில்லை. அவருக்கு அது வழக்கம். எனக்கு அதுதான் முதல்தரம். கடல் பக்கமாக என்ஜின் சத்தம் திரும்பக் கேட்டபோது அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

பின்னேரம் வீட்டில் சொன்னேன். மனைவி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஹாஜியாரக் காட்டி இவரய் எண்டு சொன்னனீங்களே? ஐயோ, அவரை முடிச்சே விட்டிட்டியள்!” என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழத் தொடங்கினாள். “அந்த மனிசன் வேற விதமாச் சொல்லியிருந்தால்?” என்று கேட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்தாள். தந்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சிங்களத்தில், தமிழ் எழுத்தில், எழுதித் தந்தாள். அரைப் பக்கம். இராத்திரி முழுக்கப் பாடமாக்கினேன்.

அந்த அரைப் பக்கத்தில் இப்போது ஒரு வரியும் எனக்கு நினைவில்லை. அன்றைக்கு வயிற்றிலிருந்த மகளுக்குக் கலியாணமும் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு வேலையை முடித்து நிமிரும்போதெல்லாம் அந்த மனிதரின் கேள்வி எனக்குக் கேட்கிறது, நான் மறுபடி ஒருதரம் குனிந்து தொட்டுப் பார்க்கிறேன்.

அந்த இராத்திரிக்கு மறுநாள் காலை தந்தியார் ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, மூச்சு விடாமல் அரைப் பக்கத்தையும் ஒப்புவித்தேன். நீங்கள் ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு எங்கே இருப்பேன், பிறக்கப்போகிற பிள்ளை எங்கே இருக்கும், இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன் என்றெல்லாம் சொல்லி, கண்ணில் நீர் முட்ட நின்றேன். அவர் தலை நிமிரவில்லை. ஒரு சின்னத் துவாரத்தை ஊதினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கேட்டார்:

“இவரத?”