இடுப்புக்கு வைத்த சந்தனப் பொட்டு

என்னால் உட்கார முடியாது. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட நிழற்குடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். யோசனை எனக்குக் காலில்தான் வரும். எழுதிய வரியெல்லாம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்து பொறுக்கியவை. அந்தக் காலில்தான் போன கோடையில் சத்தம் கிளம்பியது.

வலது இடுப்பு மூட்டு நான் பிறந்தபோது இருந்ததல்ல. என் முப்பது வயதுகளின் கடைசியில், ரத்தம் ஓடாமல் எலும்பு பட்டுப்போனதால், உலோகக் கிண்ணத்துக்குள் உலோக உருண்டை வைத்துத் தைத்தார்கள். இத்தனை வருஷம் ஊமையாக இருந்தது, படி ஏறினால் முனக ஆரம்பித்தது. "ஏங்க, அது கதவா, நீங்களா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள்.

டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். நான் நடையைக் கூட்டினேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்த்த இரண்டு பாகங்கள் கத்தினால் சும்மா ஓடவிடுவோம். ஓட ஓட ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து அடங்கிவிடும். கரையின் கோடிவரை ஒரு தடவை போய்த் திரும்புகிறவன், இரண்டு தடவை போனேன். சத்தம் அடங்கவில்லை. தொடையிடுக்கில் ஏதோ கனத்தது.

கடைசியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். உருண்டையும் கிண்ணமும் உரசி நுண்ணிய தூள் உதிர்கிறது, பக்கத்துச் சதையை அரிக்கிறது, ரத்தத்திலும் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். திறந்து மாற்ற வேண்டுமாம். பழைய நடை வருமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன், யோசிக்க ஏரிக்கரைக்குத்தான் போனேன்.

அப்படியே ஆயுதபூஜை வந்துவிட்டது. லேத், டிரில்லிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பக்கத்து லேத்தில் வேலை பார்க்கும் நண்பன் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தான். சட்டைக்கு மேலேயே என் வலது இடுப்பில் ஒரு பொட்டு.

"இதுவும் மெஷின்தான மாமே. இன்னிக்கு ஓட்டக் கூடாது. குந்து."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பூஜை போட்ட எதையும் அன்று நாங்கள் ஓட்டமாட்டோம். ஸ்டூலில் உட்கார்ந்தேன். பொரியும் கடலையும் மென்றேன். எழுந்தேன், நண்பன் முறைத்தான், உட்கார்ந்தேன். பார்க்க வேறொன்றும் இல்லாமல், பழைய லேத்திலிருந்து இறக்கி வைத்திருந்த எண்ணெயைப் பார்த்தேன். கறுப்பு. ஜன்னல் வெயில் பட்ட இடத்தில் மட்டும் மினுமினுவென்று இரும்புப் பொடி. புதுசுக்குக் கொஞ்சம் உதிரும், சரி. ஓடித் தேய்ந்தது இத்தனை உதிர்த்தால் நாங்களே அதை ஓடவிட மாட்டோம், நிறுத்திப் பிரிப்போம். லேத்துக்காவது அடியில் ஒரு திருகு உண்டு, கழற்றினால் அழுக்கு வடிந்துவிடும். எனக்கு எங்கே வடியும்? நான் நடந்த நடையெல்லாம் எனக்குள்ளேயே அல்லவா தங்கியிருக்கிறது.

சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்தேன். வாசலில் இறங்கியதைப் பார்த்து மனைவி பயந்துவிட்டாள். "ஏன், நடக்க முடியலையா?"

"முடியுது. டாக்டர்கிட்ட திறந்து மாத்தச் சொல்லிடலாம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். இடது கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.