சிரட்டைப் புகையும் என் கிணறும்

கொடிகாமத்தில் என் பக்கத்து வளவை வாடகைக்கு எடுத்திருந்த பெண்ணின் பெயரை நான் கேட்டதில்லை. மெலிந்தவர். எதை எடுத்தாலும் முதலில் மணந்து பார்ப்பார். மூடிய இரும்புப் பரலில் தேங்காய்ச் சிரட்டைகளைச் சூடாக்கி, புகையைக் குழாயில் குளிரவைத்துக் கறுத்த திரவம் எடுத்தார். அதில் பீனோல் இருக்கிறதாம்; பலகை ஒட்டும் பசை செய்யலாமாம்.

என் கிணறு அங்கிருந்து பதினெட்டு அடி. நாலு தரம் அளந்தேன். கீழே சுண்ணக்கல், சிந்துவதெல்லாம் கிணற்றுக்குத்தான் இறங்கும். ஒருநாள் அந்தத் திரவ வாளி சரிந்தது.

"பிள்ளை, என்ரை தண்ணி?"

"மண்ணை வழிச்சு அள்ளிப்போட்டன் ஐயா."

"முழுக்கவோ?"

"கண்ணுக்குத் தெரிஞ்சதை."

மறுநாள் தொடக்கம், நான் தண்ணீர் அள்ளியதும் அவர் வேலியால் வந்து முதல் மிடறைக் குடிப்பார். பிறகு ஈரக் கையை மணந்துவிட்டு, "இனி நீங்கள் குடியுங்கோ" என்பார். நானும் பயமின்றிக் குடித்தேன்.

வளவை விட்டுப் போகும் நாளில் கேட்டேன்: "ஒருநாளாவது தண்ணி மணந்ததோ?"

"என்ரை மூக்கை நம்பாதேங்கோ ஐயா. அதுக்கு இப்ப எல்லாமே புகை மணம்தான்."

அப்படியானால் ஒவ்வொரு காலையும் என்னத்தை மணந்தார்? இன்றும் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன்.