சுளுக்கு எடுக்க வந்த எதிராளி

லஸ் முனையில் டிராம் தண்டவாளத்தைத் தாண்டி ஓடும்போது வலது கால் மடங்கிவிட்டது. பராக்குப் பார்த்துக்கொண்டு ஓடினால் மடங்காமல் என்ன செய்யும்? கல்லூரி மைல் ஓட்டத்துக்கு ஒரு மாதம்தான் பாக்கி. கச்சேரி ரோட்டு அத்தர் கடைக்காரர் மகன் என் வகுப்புத்தான். இரண்டு வருஷமாக என்னை இரண்டாவதாக்கியவன். இந்தத் தடவை அவனை மண்ணைக் கவ்வ வைப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டாள்.

"ஐயோ, சுடறதும்மா!"

"சுடாம குளுகுளுன்னா இருக்கும்? கண்ணைப் பொடனியில வெச்சுண்டு ஓடச் சொன்னது யாரு?"

நாலு நாளில் வீக்கம் வடிந்தது. வலி மட்டும் போகவில்லை. காலை ஊன்றினால் உயிர் போயிற்று. எரிச்சலில் காபி டம்ளரைக்கூடத் திட்டினேன்.

தலை வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மூன்று தரம் காலால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவார்கள். ஐந்தாம் நாள் அம்மாவுக்கு அது ஞாபகம் வந்தது. விசாரித்ததில், அத்தர் கடை வீட்டில் அப்படி ஒரு பிள்ளை உண்டாம்.

"அவன் காலா என் மேல படணும்? செத்தாலும் மாட்டேன்!"

"வாயை மூடிண்டு படு. சொல்லியனுப்பியாச்சு."

சாயங்காலம் வந்தே விட்டான், வாயெல்லாம் பல்லாக. "இன்னா நைனா, கால் எப்டி கீது?"

அம்மா நிற்கிறாளே என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கால் பெருவிரலால் மெள்ள மூன்று தரம் நீவினான். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்துவிட்டான். அம்மாவுக்குத் தெரியாமல் என் காதில், "பத்து நாளு ஓடாத. அப்பால ஈர மணல்ல நட," என்றான்.

பத்து நாள் கழித்து அவனே கடற்கரைக்குக் கூட்டிப் போனான். முதலில் நடை, பிறகு வேக நடை, பிறகு ஓட்டம். வலியில்லாமல் முதல் முறை ஓடிய அன்று சந்தோஷத்தில் கத்தினேன். அதற்குள் அம்மா தெருவிலிருந்த சுளுக்குக்காரர்களையெல்லாம் அவனிடம் அனுப்பியிருந்தாள். அத்தனை பேருக்கும் குணமாம்!

ஓட்டத்தில் நான்தான் முதல். ஒரு முழ வித்தியாசம். இருவரும் புல்லில் மல்லாந்து மூச்சு வாங்கினோம்.

"காலால பொறந்தது நான் இல்ல நைனா, எங்க அண்ணன். அவரு வேலூர்ல கீறாரு," என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ நீ எதுக்குடா வந்தே? நான் படுத்துண்டிருந்தா கோப்பை உனக்குத்தானே!"

"நீ இல்லாம ஓடி ஜெயிச்சா, அது இன்னா ஜெயிப்பு?" என்றான்.