லோரியில் போன நிலைக்கதவு

என் கணவர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் குவாட்டர்ஸில்தான் எங்கள் குடித்தனம். எண்பதுகளில் அவர் ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. வேலை முடிந்தால் வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வரிசையில் இன்னும் மூன்று குடும்பங்களுக்கு அதே கவலை. கிள்ளானில் கொப்பரை மூட்டை அடுக்கிவைத்த பழைய கிடங்கு ஒன்று விலைக்கு வந்தபோது, நால்வரும் சேர்ந்து அதை வாங்கினோம். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு வீடுகளாக மாற்றுவது திட்டம்.

கிடங்குக்கு ஒரே ஒரு வாசல்தான். சன்னல் என்று பெயருக்குக்கூட எதுவும் கிடையாது. எனவே கதவும் சன்னலும் நிறைய வேண்டியிருந்தது. உள்ளூர் விலை கட்டுப்படியாகாமல், தாய்லாந்திலிருந்து கப்பலில் தருவித்தோம். துறைமுகத்திலிருந்து அவற்றை எடுத்துத் தர ஒரு ஏஜெண்டைப் பிடித்தோம். அவர் தமிழர், கலகலப்பானவர். சரக்கைக் கொண்டுவந்து இறக்கிய அன்று பெருமையாகச் சொன்னார்.

"அக்கா, கதவு, சன்னல்னு தனித்தனியா எழுதினா லேட்டாகும் லா. எல்லாத்தையும் மரச்சாமான்னு போட்டுட்டேன். டக்குனு வெளிய வந்துடுச்சு பாருங்க."

அப்போது நான் பங்சாரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக, கணக்கும் கடிதமும் எழுதும் வேலையில் இருந்தேன். மேசை நாற்காலிக்கு ஒரு விற்பனை வரி, வீடு கட்டும் பொருளுக்கு அதைவிடக் குறைந்த வரி என்பது எனக்குத் தெரியும்.

"அப்போ வரி கூட கட்டியிருக்கோமே, தம்பி?"

"கட்டினது கட்டினதுதான் அக்கா. கவர்மெண்டு உள்ள போன காசு திரும்பி வருமா? விடுங்க லா."

விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் வேலை முடியும் தறுவாயில் நகராண்மை ஆள் வந்து பார்த்தார். மாடிப்படிக்குக் கைப்பிடிக் கம்பி இல்லாமல் குடியேறச் சான்றிதழ் தரமுடியாது என்று சொல்லிவிட்டார். நான்கு வீட்டிலும் கையிருப்பு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மறுநாளே கூடுதல் வரியைத் திருப்பிக் கேட்டு மனு எழுதினேன்.

வரி அலுவலகத்தில் என் மனுவைப் பார்த்த அதிகாரி இளைஞர், மலாய்க்காரர். அம்மா என்பதற்கு மலாயில் சொல்லும் 'புவான்' போட்டு மரியாதையாகத்தான் பேசினார். "புவான், உங்கள் ஏஜெண்டே மரச்சாமான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சரக்கும் வெளியே போய்விட்டது. அது வீட்டில் பதித்த கதவுதான், விற்றுவிட்ட அலமாரி இல்லை என்று நான் எப்படி நம்புவது?"

"நேரில் வந்து பாருங்கள், துவான்" என்று நானும் ஐயா போட்டே கேட்டேன்.

"இவ்வளவு சின்ன மனுவுக்கெல்லாம் வெளியே அனுப்பமாட்டார்கள்."

படம் எடுத்துக்கொண்டு போனேன். எந்த வீட்டுக் கதவோ என்றார். கொத்தனாரிடம் எழுதி வாங்கிப் போனேன். அவர் உங்கள் ஆள்தானே என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை கிள்ளானில் கட்டடத்தைச் சுற்றிவந்தேன். பின்பக்கக் குளியலறை நிலை கொஞ்சம் சாய்ந்து போயிருந்தது. அதைப் பெயர்த்து மறுபடி வைக்கவேண்டும் என்று கொத்தனார் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது.

"இதை அப்படியே பேத்து லோரில ஏத்துவோம். அவரு வரலன்னா கதவு போகட்டும்" என்றேன்.

என் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு என்ன பைத்தியமா? ஆபீஸ்ல சிரிக்கமாட்டாங்க?"

மேல்வீட்டுக்கு வரவிருந்த அக்காதான் அதிகம் பதறினார். எல்லா நிலைக்கும் தன் கையால் பொட்டு வைத்தவர் அவர். "மஞ்சள் குங்குமம் வெச்ச நிலையப் பேக்கறதா? வேணாம்மா, மனசு கேக்கல."

"எப்படியும் பேக்கப்போற நிலைதானே அக்கா. திரும்ப வைக்கும்போது நீங்களே பொட்டு வைங்க."

அவர் நிலையில் காய்ந்திருந்த பொட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்போ நானும் கூட வரேன்" என்றார்.

கொத்தனார் நிலையைப் பெயர்த்தபோது சிமெண்டும் செங்கல்லும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தன. தட்டிச் சுத்தம் செய்யப் போனவரைத் தடுத்தேன். கதவை மாட்டியபடியே கயிறு கட்டி லோரியில் நிமிர்த்தி வைத்தோம். அக்காவும் நானும் டிரைவர் பக்கத்தில். என் கணவர் பின்னால் நின்றபடி கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அலுவலக வாசலில் லோரி நின்றதும் காவலாளி ஓடிவந்தார். நான் நேராக உள்ளே போய், "துவான், கதவு வந்திருக்கிறது" என்றேன்.

அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே ஏறி, ஒட்டியிருந்த செங்கல்லைச் சுரண்டிப் பார்த்தார். மஞ்சளும் குங்குமமும் காய்ந்திருந்த இடத்தைத் தொட்டு, "இது என்ன?" என்றார்.

அக்கா தனக்குத் தெரிந்த மலாயில் முந்திக்கொண்டார். "வீட்டுக் கதவுக்குத்தான் துவான் இப்படிச் சாமி கும்பிடுவோம். அலமாரிக்கு யார் கும்பிடுவார்கள்?"

அவர் கதவைத் திறந்தார், மூடினார். பிறகு திறந்து, லோரியின் மேலேயே அந்தப் பக்கம் நடந்துபோய்த் திரும்பி வந்தார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். அலுவலகச் சன்னல்களில் கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "வாருங்கள், மற்றக் கதவுகளையும் பார்த்துவிடலாம்" என்று எங்கள் லோரியிலேயே ஏறினார். முன்னால் இடமில்லாததால் என் இடத்தை அவருக்கு விட்டுவிட்டு, நான் பின்னால் போய் என் கணவரோடு கதவைப் பிடித்துக்கொண்டேன்.

கிள்ளானில் ஒவ்வொரு கதவையும் ஆட்டிப் பார்த்தார். கைப்பிடி இல்லாத படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேலேயும் பார்த்தார். கீழே வந்து கோப்பில் எழுதிவிட்டு, "புவான், இது மரச்சாமான் இல்லை" என்றார். என் கண் கலங்கிவிட்டது. சாதாரண வார்த்தைதான். யாரும் எனக்கு அப்படி ஒரு நல்ல செய்தி சொன்னதாக அன்றைக்கு நினைவில்லை.

சில வாரங்களில் காசோலை வந்தது. கைப்பிடிக் கம்பி அடித்தோம். சான்றிதழும் கிடைத்தது. நான்கு வீட்டிலும் ஒரே காலையில் பால் காய்ச்சினோம். ஏஜெண்டையும் அழைத்திருந்தேன். பழப்பெட்டியோடு வந்தவர், "அக்கா, அந்த வரிக் காச எப்படிக்கா திரும்ப வாங்கினீங்க?" என்று வாசலிலேயே கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் அவர் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போனார். "நான் என்ன செஞ்சேன் தெரியுமா தம்பி? இந்த நிலையப் பேத்து லோரில ஏத்துங்கடான்னு சொன்னேன்..." என்று ஆரம்பித்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். பால் தம்ளரோடு நான் சுவரில் சாய்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுவதும் கேட்டேன். என்னைவிட அவர் நன்றாகவே சொன்னார்.