அம்மாவிடம் சொல்லாமல் விட்டது

அம்மாவின் வாய்க்கு எங்கள் தேயிலைத் தோட்டமே பயப்படும். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை ஒரு கிலோவைக் குறைத்துச் சொன்னால் போதும், அவருடைய பரம்பரை முழுவதும் அந்த மலைக்குத் தெரிந்துவிடும். "வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வாள். அந்த வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். மழை நாளில் காலில் ஏறும் அட்டைமேல் அதைத் துப்பினால் சுருண்டு விழும். அதனால் அதை மருந்து என்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

நாக்கோரத்தில் ஆறாத புண்ணோடு அவளை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உடம்பைச் சோதித்த நர்ஸ் மார்பிலும் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார். அம்மாவுக்கு அது ஒரு வருடமாகவே தெரியுமாம். "அதைப் போயி ஆம்பள டாக்டருக்குக் காட்டச் சொல்றியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். வந்த கோபத்தில் அங்கேயே கத்திவிட்டேன்.

இரண்டு இடத்திலும் சதை எடுத்துப் பார்த்தார்கள். நாக்கிலிருந்து பரவியதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, இரண்டும் தனித்தனிப் புற்றுநோய், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். பட்ட காலிலே படும் என்பது சும்மா சொன்னதில்லை.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்ததோ சாமான் வாங்கும் அளவுக்கான கடைச் சிங்களம். நான் எஹலியகொடையில் சிங்களவர் கடையொன்றில் வேலை செய்பவள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அதனால் இருவர் பேச்சுக்கும் நடுவில் நான் இருந்தேன்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். நாக்கில் இருப்பது வேகமாக வளர்கிறது, முதலில் அதை வெட்ட வேண்டும். மார்பில் இருப்பது மெதுவானது, அதுவரை மாத்திரையால் பிடித்துவைக்கலாம், பிறகு அதற்கும் ஒப்பரேஷன். நாக்கில் பாதிக்குமேல் போய்விடும், பேச்சு பழையபடி வராது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, சம்மதமா என்று கேட்கச் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள், செத்துப்போவாள் என்று பயந்தேன்.

"புண்ண வெட்டி எடுப்பாங்களாம்மா. நெஞ்சுல உள்ளதுக்கு இப்ப மாத்திர, பொறகு ஒப்பரேசன்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "பேச்சு கீச்சு ஒண்ணும் போயிராதே, புள்ள?"

"போகாதும்மா."

அம்மா என்ன கேட்கிறாள் என்றார் டாக்டர். சம்மதமாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

ஒப்பரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள். சில நாள் கழித்து அம்மா பேச முயன்றபோது வெறும் சத்தம்தான் வந்தது. மறுபடியும் முயன்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அழுது மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உயிராவது இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

மார்பு ஒப்பரேஷன் பற்றிப் பேச வரச்சொன்ன நாளில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும், நன்றாகச் சிங்களம் பேசும் அக்காவையும் அம்மா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள். துணைக்கு என்று நினைத்தேன். டாக்டர் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். அம்மா என் தோளை அழுத்தி வாங்குப் பலகையிலேயே உட்காரவைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் சொல்லச்சொல்ல அக்கா ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னது கேட்டது. ஒரு பக்க மார்பு முழுதாகப் போய்விடும் என்பதையும் சொன்னார். அம்மா தலையாட்டுவது கதவிடுக்கில் தெரிந்தது.

பிறகு, அம்மாவுக்குச் சம்மதம் என்று அக்கா சிங்களத்தில் சொன்னார்.