முதல் பக்கத்துக்கு ஒரு வாக்கியம்

மதுமதிக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. எட்டு வருடமாக ஒரே ஆபீஸில் அவளோடு வேலை பார்க்கிறேன். அந்த ஒரு குணத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் ஆபீஸ் திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு பட்டன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். முதலில் மதுமதி போய், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வருவாள். பிறகு நான் போய் கேபிள் இழுத்து, கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் மாட்டி ஓடவிடுவேன். என் பெயர் ஜெபக்குமார், ஊர் சாத்தான்குளம் பக்கம். கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். கோபம் வராமல் என்ன செய்யும்? அவள் எழுதி வருவதையெல்லாம் மாட்டப்போவது நான்தானே.

சாமளாபுரத்தில் ஒரு விசைத்தறிக்காரரிடம் போனோம். எந்தத் தறியில் எத்தனை மீட்டர் ஓடியது என்று தெரிந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் வருகைப் பதிவைக் கேட்டார். மதுமதி “செரிங்க” என்றாள். கேன்டீனில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டும் என்றார். “செரிங்க.” கடைசியில், மகள் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைத்தாயிற்று என்று பார்க்க ஒரு இடம் வேண்டும் என்றார். அதற்கும் “செரிங்க.” பதினான்கு மாதம் இழுத்தது. கல்யாணம் முடிந்து பேத்தியும் பிறந்துவிட்டாள், தறி மீட்டர் மட்டும் கடைசிவரை வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஓனர் வேல்குமார் ஒரு விதி போட்டார். எங்கே வேலை தொடங்கினாலும் முதலில் மூன்று பக்கம் எழுதி, அந்த முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம்: இந்த வேலை முடிந்தால் அந்தக் கம்பெனியில் என்ன மாறியிருக்கும் என்பது. இரண்டாம் பக்கத்தில் நாங்கள் செய்யப்போவது. மூன்றாம் பக்கத்தில் நாங்கள் செய்யாதது. மதுமதி கொண்டுவரும் தாள்களில் அந்த மூன்றாம் பக்கம் வெள்ளைவெளேர் என்று இருக்கும்.

அவள் வெள்ளகோவில்காரி. அப்பா மயில்சாமி தறி வைத்திருந்தவர். வாசலில் யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத குடும்பம். காங்கேயத்தில் பி.எஸ்ஸி. படித்தாள். திருப்பூர் வந்து ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் சாம்பிள் பார்சல் கட்டினாள். எங்கள் ஆபீஸுக்கு முதலில் போன் எடுக்கத்தான் வந்தாள். முப்பத்தைந்து வயதாகிறது. கணவன், குழந்தைகளோடு பல்லடத்தில் குடியிருக்கிறாள். எங்கே போனாலும் ஏ.சி. அறையில் உட்கார மாட்டாள். தொழிலாளிகள் நடமாடும் இடமாகப் பார்த்து ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நீள நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருப்பாள். “அப்புறமுங்க?” என்று மட்டும் கேட்பாள். எதிரே இருப்பவர் மனசில் உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும்.

பல்லடம் ரோட்டில் நூற்றிருபது மிஷின் ஓடும் பனியன் கம்பெனி ஒன்று போன ஆடி மாதம் எங்களைக் கூப்பிட்டது. முதலாளி சிவசுப்பிரமணியத்துக்கு அறுபத்தோரு வயது, பிள்ளைகள் இல்லை. கதையைக் கடைசிவரை மூடிவைக்கும் பொறுமை எனக்குக் கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. கோயம்புத்தூர் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தும், அதை அவர் இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். ஆபரேஷன் முடிந்தால் மூன்று மாதம் கம்பெனிப் பக்கம் வரக் கூடாது. தான் இல்லாவிட்டால் கம்பெனி நின்றுவிடும் என்று பயந்துதான் தள்ளிப்போட்டார். மூன்றாவது தடவை தள்ளினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது அவர் மனைவி பொன்னாத்தாள் ஒருவருக்கு மட்டும் தெரியும். மதுமதிக்கும் எனக்கும் அப்போது தெரியாது.

மூன்று வாரம் அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். அவர் சொன்னதை எழுதினால் நாற்பத்தோரு விஷயம் வந்தது. எந்தத் துணி எந்த டையிங்கில், அதாவது சாயப்பட்டறையில், கிடக்கிறது என்று போனில் தெரிய வேண்டும். கரண்ட் போனால் தெரிய வேண்டும். எந்த மிஷினுக்கு எப்போது ஆயில் மாற்றினார்கள், டீ வண்டி எப்போது வந்தது, கேன்டீன் ரசத்தில் இன்று ஏன் புளி அதிகம் என்றுகூடத் தெரிய வேண்டும்.

“எல்லாமே என்ற போனுக்கு வந்துரோணுமுங்க அம்முணி” என்றார்.

“செரிங்ண்ணா” என்றாள் அவள்.

எனக்குத் தலை சுற்றியது. “இது எதுக்குன்னு ஒரு வரி கேட்டு வாங்கேன்” என்று கத்தினேன். அவளும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு புது ஆசையைச் சொன்னார். முதல் பக்கம் காலியாகவே கிடந்தது. இதுவும் சாமளாபுரம் மாதிரி ஆனால் மதுமதியை மறுபடி போன் எடுக்கிற வேலைக்கே போடப்போவதாக வேல்குமார் சொல்லிவிட்டார். அவள் முகம் வாடியதைப் பார்த்து நான் கத்துவதை நிறுத்தினேன்.

ஒரு நாள் சிவசுப்பிரமணியமே போன் செய்தார். “வர்ற வெள்ளிக்கெழம சாமிகிட்டப் பூக் கேக்கப் போறமுங்க. வெள்ள வந்துச்சுன்னா அங்கயே கையெழுத்துப் போட்டர்றேன். பேப்பரோட வந்துருங்க.”

பொங்கலூருக்குத் தெற்கே ஒரு கரட்டுக் குன்றின் மேல் சின்ன முருகன் கோயில். இந்தப் பக்கத்தில் கல்யாணம், கிணறு, புது மிஷின் எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் கட்டி, சாமி காலடியில் உருட்டிப் போடுவார்கள். எதில் எது என்று தெரியாத யாராவது ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். மூன்று வாரம் நாங்கள் நாயாக அலைந்த வேலைக்கு ஒரு பூப்பொட்டலம் முடிவு சொல்வதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கார் ஓட்டிக்கொண்டே அதைச் சொன்னேன். மதுமதி நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு, நோட்டைப் புரட்டியபடி வந்தாள்.

பூசாரி அவசரக்காரர். “என்ன கேக்கோணும்?” என்றார்.

சிவசுப்பிரமணியம் ஆரம்பித்தார். “சாப்ட்வேர் ஒண்ணு போடலாம்னு இருக்கறமுங்க. துணி எங்க இருக்குதுன்னு பாக்கறதுக்கும், அப்புறம் கரண்ட் போனா, அப்புறம் ஆளுக…”

“நிறுத்துங்க. நாலஞ்சக் கலந்து கேட்டா சாமி எதுக்குன்னு பதில் சொல்லும்? ஒரே கேள்வி. ஆமா இல்லேன்னு சொல்ற மாதிரி கேளுங்க.”

அவர் யோசித்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமாகவே கேட்டார்.

“முருகா, இந்த சாப்ட்வேரப் போட்டுட்டா, நான் ஆபரேசன் பண்ணிப் படுத்துக் கெடக்கற மூணு மாசமும் கம்பெனி ஓடுமா சாமி?”

பக்கத்தில் நின்ற பொன்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மதுமதி நோட்டைத் திறக்கக்கூட இல்லை. மூன்று வாரம் நாங்கள் கேட்டுக் கிடைக்காத வாக்கியம் அதுதான் என்று எனக்கே புரிந்தது.

பூசாரி என்னைப் பார்த்து “நீங்க ஒண்ண எடுங்க” என்றார். என் பெயரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

சிவசுப்பிரமணியம் திரும்பிப் படியிறங்க ஆரம்பித்தார். பாதிப் படி இறங்கியவர் மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அந்தத் தேதி வேண்டாம்னு சொல்லீரு” என்றார் மனைவியிடம். அந்த அம்மாள் அழுத அழுகையைப் பார்த்து, வேறு பொட்டலத்தை எடுத்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மதுமதி அவருக்குக் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தாள்.

“சாமி சரியாத்தானுங்ண்ணா சொல்லியிருக்குது. சாப்ட்வேர் போட்டாக் கம்பெனி ஓடாதுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் பேப்பரை வைத்துக்கொண்டு இப்படியா பேசுவாள்?

“சாப்ட்வேர் எங்கீங்க கம்பெனிய ஓட்டுது? ஆளுதானுங்க ஓட்டோணும்” என்றாள்.

“ஆளுக்கு எங்க போவேன் அம்முணி?”

அவள் நோட்டைப் புரட்டினாள். “போன செவ்வாக்கெழம காலைல உங்களுக்கு அறுவத்திமூணு போன் வந்துச்சுங்க. சும்மா உக்காந்திருந்தேன், எண்ணிட்டேன். முக்காவாசி அதே நாலஞ்சு கேள்விங்க. துணி வந்துருச்சா, எந்தக் கலர எங்க அனுப்பறது, எது மொதல்ல தைக்கோணும், வண்டி எப்பங்கறது. நீங்க போன மேசமேல வெச்சுட்டு லோடு பாக்கக் கீழ போயிட்டீங்க. அப்ப வந்த ஒம்பது போனக் கருத்தம்மாக்கா எடுத்துப் பேசுச்சுங்க. ஒருத்தருகூட உங்களத் தேடலீங்ண்ணா.”

கருத்தம்மா அவர் கம்பெனியின் புரொடக்சன் இன்சார்ஜ். விருதுநகர் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருடம் முன்பு வந்து, தையல்காரர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தவர்.

“அது தெக்கத்திப் பொம்பளையாச்சே” என்றார் சிவசுப்பிரமணியம்.

நானும் தெற்கத்திக்காரன்தான். அவருக்கு எதிரேதான் நிற்கிறேன். சுருக்கென்று கோபம் வந்தது, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மதுமதி என்னைப் பார்க்காமலேயே கையைக் காட்டி அடக்கினாள்.

“அந்தக்கா சொன்னா நூத்தியிருவது மிஷினும் கேக்குதுங்க. இருவத்திரண்டு வருசமாக் கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவர் கீழே ரோட்டைப் பார்த்தார். “அப்ப இன்னொருக்காப் பூக் கேட்டர்லாமா?” என்றார்.

“இது சாமிகிட்டக் கேக்கறதில்லீங்க. அந்தக்காகிட்டக் கேக்கோணும்.”

மறுநாள் கட்டிங் டேபிள் ஓரத்தில் வைத்துக் கேட்டோம். கருத்தம்மா சந்தோஷப்பட்ட மாதிரியும் தெரியவில்லை, பயந்த மாதிரியும் தெரியவில்லை. அந்தப் போன்களிலிருந்து மதுமதி எழுதிய ஐந்து கேள்விகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “எது முதல்ல தைக்கணும்னு எனக்குத் தெரியாதாக்கும்? அத எடுத்துருங்க. மத்த நாலும் போதும். எந்தக் கலருக்கு எந்த டையிங்ன்னு முதலாளி மண்டைக்குள்ளதான் இருக்கு, அத மட்டும் ஒழுங்கா ஏத்திக் குடுங்க” என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

“ஒண்ணே ஒண்ணுய்யா. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு எனக்குப் போன் பண்ண மாட்டீகளே? நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா, எவன் கேப்பான்?”

சிவசுப்பிரமணியம் தலையைச் சொறிந்தார். மதுமதி உடனே எழுதினாள். அந்த மூன்று பக்கமும் இன்றும் எங்கள் பைலில் இருக்கிறது. முதல் பக்கத்தில்: ‘முதலாளி மூன்று மாதம் வராவிட்டாலும், யாரும் அவரைத் தேடாமல் வேலை நடக்க வேண்டும்.’ இரண்டாம் பக்கத்தில் நாலு கேள்வி. மூன்றாம் பக்கத்தில் பழைய நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தேழு. ரசத்துப் புளியும் அதில் உண்டு. கடைசியில்: ‘முதலாளி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து கம்பெனி விவரம் கேட்பது இதில் சேராது.’ கையெழுத்துப் போடும்போது அந்த இடத்தில் மட்டும் அவர் பேனா கொஞ்சம் நின்றது.

நாலே கேள்வி என்பதால் நான்கு வாரத்தில் மாட்டி முடித்தேன். எட்டு வருடத்தில் சொன்ன நாளில் முடிந்த முதல் வேலை அதுதான். டையிங் விவரம் சொல்ல முதலாளி தினமும் இரண்டு மணி நேரம் மதுமதி பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி வாரம் கருத்தம்மாவின் டேப்லெட்டில் அவரே ஒவ்வொரு கலரையும் தட்டிப் பார்த்தார். ஆவணிக் கடைசியில் அட்மிட் ஆனார்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் மதுமதிக்குப் போன் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஒரு கை எச்சில். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்முணி, நான்தானுங்க.” குரல் உள்ளே போயிருந்தது. “அந்த நேவி ப்ளூ துணி வந்துருச்சுங்களா?”

“மூணாவது பக்கமுங்ண்ணா” என்றாள் அவள்.

“கம்பெனிக்கா பண்ணுனேன்? உங்களுக்குத்தானுங்க பண்ணுனேன்.”

“கம்பெனி விவரம் கேக்கறது சேராதுங்ண்ணா. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கறீங்க.”

அவர் ஒரு தடவை இருமிக்கொண்டார்.

“செரி. துணி கெடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பன்னெண்டு நாளு… ஆராச்சும் என்னயத் தேடுனாங்களா?”

மதுமதி என்னைப் பார்த்தாள். அவள் காலையில்தான் அந்தக் கம்பெனிக்குப் போய் வந்திருந்தாள். வேறு ஒருவராக இருந்தால், எல்லாரும் உங்களைத்தான் கேட்கிறார்கள் என்று இதமாக ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். பழைய மதுமதி கட்டாயம் சொல்லியிருப்பாள்.

“இல்லீங்ண்ணா” என்றாள். “ஒருத்தருமே தேடலீங்க.”

பிறகு பொன்னாத்தாள் போனை வாங்கிப் பேசினார். “அளுகறாருங்க அம்முணி. சிரிக்கறாரா அளுகறாரான்னே தெரீல. போன என்ற கைல குடுத்துட்டு, நீயே வெச்சுக்க, எனக்கு வேண்டாங்கறாரு.”

மதுமதி போனை மேசைமேல் வைத்தாள். கண்ணைத் துடைக்க எச்சில் கையைத் தூக்கி, நினைவு வந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள்.